சூளகிரி வரைக்கும் காபி கிடையாது

"...கோயில்ல நான் வாயத் தொறந்தா ஆம்பளைங்க வரிசையே திரும்பிப் பாக்குது, எவன்டா நம்மளவிடக் கட்டையாப் பாடறான்னு" என்றார் அக்கா. சொல்லிவிட்டுக் குட்டி மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். நான் வழக்கம்போல் பிளாஸ்க்கைத் திறந்து, டம்ளரில் காபி ஊற்றி நீட்டினேன்.

இது நடந்தது எங்கள் கம்பெனி பஸ்ஸில். கிருஷ்ணகிரியில் விடிகாலை ஐந்தேகாலுக்கு ஏறினால் ஓசூரில் முதல் ஷிப்டுக்கு இறங்குவோம். அக்கா என்று நான் கூப்பிடுகிறவர் கூடப்பிறந்தவர் அல்ல, ஆறு வருடமாகப் பக்கத்து சீட்டு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாட்டுக் குழுவில், பூசையில் வேத வாசகத்துக்குப் பிறகு வருகிற பதிலுரைப் பாடல் அவருடையது. தனியாக மைக் முன் நின்று பாடுவார். அந்தக் குரல்தான் போயிருந்தது. முகம் ஊதி, உடம்பு அசந்து, தொண்டை கட்டிக்கொண்டே போனது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தைராய்டு குறைவு என்று வந்தது. பாட்டு மாஸ்டர் தன்மையான மனிதர். கோயில் திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்து பாடிக் காட்டுங்கள் என்றார். சரியாக வராவிட்டால் இந்த வருடம் காலேஜ் படிக்கிற ஒரு பெண் பாடட்டும் என்றார். அதைச் சொன்ன அன்று அக்கா காபிக்குச் சர்க்கரை கூடக் கேட்கவில்லை.

சுரப்பிகளைப் பற்றி பஸ்ஸுக்கே வகுப்பு எடுத்தவள் நான். என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. மீதியெல்லாம் மகளின் அறிவியல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவளைக் கேள்வி கேட்டதில் வந்தது. நாளமில்லாச் சுரப்பி என்றால் குழாய் கிடையாது, சரக்கை நேராக ரத்தத்திலேயே ஏற்றிவிடும் என்று நான் சொன்னால், "அப்ப அதுக்கு கேட் பாஸ் வேணாமா?" என்பார் முன்சீட்டு வெல்டர். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரிதான் மேனேஜர். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிற தைராய்டு, உடம்பு எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று பார்க்கிற லைன் சூப்பர்வைசர். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி இருப்பது அட்ரீனல், ஆபத்தில் அடிக்கிற சைரன். கழுத்தில் இருப்பது வேலையைக் குறைத்தால் தலையில் இருப்பது கத்தும். அந்தக் கத்தல்தான் ரிப்போர்ட்டில் ஏறி நிற்கிற டிஎஸ்எச் என்று விளக்கினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நம்ம கம்பெனியிலயும் அதே கதைதாம்மா" என்றார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் கேலி நன்றாக வரும்.

ஆனால் மாத்திரை போட ஆரம்பித்து மூன்று மாதமாகியும் அந்தக் கத்தல் அடங்கவில்லை. டாக்டர் ஒருமுறை அளவைக் கூட்டினார். அப்படியும் இறங்கவில்லை. திருவிழாவுக்கு இன்னும் பத்து வாரம். அடுத்தமுறை துணைக்கு நானும் போனேன்.

அந்த டாக்டரம்மா இந்தமுறை சீட்டை எடுத்து உடனே எழுதிவிடவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றார். அக்கா நாலு மணிக்கு எழுவது, சோறு வடிப்பது, டிபன் டப்பா கட்டுவது எல்லாம் சொன்னார். வீட்டில் அவசரத்தில் மறந்துபோகும் என்பதால் மாத்திரையை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போடுவதாகச் சொன்னார்.

"வெறும் வயித்துலதானே?"

"சுத்தமா வெறும் வயிறுங்க. பச்சத் தண்ணியோடதான் முழுங்கறன்."

"அப்புறம்?"

"அப்புறம் இவ காபி குடுப்பா."

டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். எவ்வளவு நேரம் கழித்து என்று கேட்டார். பஸ் இரண்டாவது கியர் போடுவதற்குள் என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. மாத்திரை உள்ளே போகும்போது வயிறு காலியாக இருந்தால் போதாதாம். போனபிறகும் குறைந்தது அரைமணி நேரம் காலியாகவே இருக்கவேண்டுமாம். காபி பின்னாலேயே போனால் மாத்திரை சரியாக ரத்தத்தில் சேராதாம். அளவைக் கூட்டவேண்டாம், காபியைத் தள்ளிப்போடுங்கள், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். அத்தனை சுரப்பிக்கும் பாடம் நடத்திய நான் மூன்று மாதமாக அக்காவின் மருந்தை என் கையாலேயே கழுவிவிட்டிருக்கிறேன். வெளியே வந்து, ஏன் அக்கா, ஒருநாளாவது வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்றேன். "ஆசையா நீட்டறவ கைய எப்படிடி தள்றது?" என்றார்.

எங்கள் பஸ்ஸின் வழக்கம் அப்படி. பிளாஸ்க் திறந்தால் டம்ளர் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். வேண்டாம் என்றால் வீட்டில் என்ன சண்டை என்று விசாரணை ஆரம்பித்துவிடும். அதனால் மறுநாள் சங்கதியை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். டிரைவர்தான் தீர்ப்புச் சொன்னார். வழியில் இருக்கிற சூளகிரிக்கு அரைமணி ஓட்டம். அங்கே போய் அவர் இரண்டு ஹாரன் அடிக்கும்வரை பஸ்ஸில் ஒருவருக்கும் காபி கிடையாது. ஒருவர் குடித்தாலும் வாசனைக்கு அக்காவின் மனசு இளகிவிடுமாம். "ஒரு கழுத்துக்காக முப்பது வாய் காயுது" என்று வெல்டர் தினமும் முனகினார். முனகினாரே தவிர, தன் பிளாஸ்க்கை ஒருநாளும் திறக்கவில்லை.

ஆறு வாரத்தில் அந்த டிஎஸ்எச் எண் பாதிக்குமேல் இறங்கியது. முகத்தின் ஊதல் வடிந்தது. வேலையில் அக்காவின் கை பழைய வேகத்துக்கு வந்தது. குரல் மட்டும் பிகு பண்ணிக்கொண்டு கடைசியாகத்தான் வந்தது, அதுவும் தவணை முறையில். பேச்சில் கரகரப்பு போய்விட்டது. மேல் ஸ்தாயி ஏறுமா என்பதை அக்கா எங்களிடம் காட்டவே இல்லை.

பாட்டு மாஸ்டரிடம் பாடிக் காட்டவேண்டிய ஞாயிறும் வந்து போனது. திங்கள் காலை அக்கா பஸ்ஸில் ஏறி, மாத்திரையை விழுங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்க யாருக்கும் தைரியமில்லை. டிரைவர்கூட ரேடியோவைப் போடவில்லை. அவ்வளவு நீளமான அரைமணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

சூளகிரி வந்தது. இரண்டு ஹாரன். நான் காபியை ஊற்றி நீட்டி, "மாஸ்டர் என்னாக்கா சொன்னாரு?" என்றேன்.

அக்கா டம்ளரை வாங்கவில்லை. என் கையை அப்படியே மெல்ல ஒதுக்கிவிட்டு, எழுந்து கம்பியைப் பிடித்து நின்று, திருவிழாப் பாட்டின் முதல் வரியை மேல் ஸ்தாயியில் பிசிறில்லாமல் எடுத்துப் பாட ஆரம்பித்தார்.