தள்ளுவண்டி அண்ணனின் வினைச்சொற்கள்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளுகிறவருக்குத் 'தள்ளுவண்டி அண்ணன்' என்ற பெயர் தானாகவே ஒட்டிக்கொண்டது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டுக்குள் நுழையும்போது, மனைவி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் பார்த்துக்கொள்வதோடு குடித்தனம் முடிந்தது. தலைமை உதவியாளர் ஆனால் பகல் ஷிஃப்ட் கிடைக்கும். வெளிநாட்டு நோயாளிகள் வருகிற இடம் என்பதால், அதற்கு இங்கிலீஷில் நேர்முகத் தேர்வு வைத்துத் தொலைத்தார்கள்.

மனைவி ஒன்றாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுப்பவள். வாண்டுகளுக்குச் சொல்லித்தருகிற முறையையே ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனுக்கும் வைத்துக்கொண்டாள். அவள் வினைச்சொல்லைச் சொன்னதும் அவர் செய்து காட்ட வேண்டும். 'புஷ்' என்றால் பீரோ நகர்ந்தது. 'ஜம்ப்' என்றதும் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். 'த்ரோ' படித்த பிறகு வீட்டில் கண்ணாடி டம்ளரே இல்லை. 'கேன், மஸ்ட்' போன்ற துணைவினைகள் அவருக்குச் சட்டென்று பிடிபட்டன.

"கூட ஒரு ஆள் இருந்தாத்தான் இதுங்களுக்கு வேலை. என்னை மாதிரி உதவியாளுங்க, நம்ம கட்சி!" என்றார்.

வம்பெல்லாம் 'லைக், லவ், பிலீவ்' வகையால் வந்தது.

"இதை எப்படிம்மா செஞ்சு காட்டுறது?"

"இதெல்லாம் மனசுக்குள்ள நடக்குற வினைங்க. உடம்பு அசையாது. சும்மா நில்லுங்க, போதும். லவ்!"

மரம் மாதிரி நின்றார்.

"இதை மட்டும் கல்யாணமான நாள்லேர்ந்து நல்லாவே செய்றீங்க" என்று அலுத்துக்கொண்டாள்.

தேர்வன்று அவளும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்து, திறந்திருந்த கதவோரம் நின்றாள். உள்ளே பெரிய டாக்டர், உருளும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, என்ன வேலை செய்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஐ புஷ்!"

வாய் சொன்னால் கை சும்மா இருக்குமா? பெரிய டாக்டர் நாற்காலியோடு எக்ஸ்ரே அறை வரை போய்த் திரும்பினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்.

"டூ யூ லைக் யுவர் வொர்க்?"

லைக்! அசையக் கூடாத வகையாயிற்றே! அண்ணன் விறைத்து நின்றார். கண்கூட இமைக்கவில்லை. பகல் ஷிஃப்ட் கைநழுவிப் போவதைப் பார்த்து மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. தலையை உள்ளே நீட்டி, "ஓப்பன் யுவர் மவுத்!" என்று கத்தினாள்.

அண்ணன் 'ஆ'வென்று வாயைத் திறந்தார். பழக்க தோஷம், டாக்டரும் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"தொண்டை நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

மனைவி வந்து பாடத்திட்டத்தை விளக்கினாள். டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இங்கிலீஷே தெரியாத நோயாளிக்கும் இவர் சொல்றது புரியும். வேலை இவருக்குத்தான். ஆனா ஆஸ்பத்திரிக்குள்ள யாரும் இவர்கிட்ட 'த்ரோ'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

முதல் பகல் ஷிஃப்ட் முடிந்து வந்த சாயங்காலம், மனைவி அடுப்படியில் நின்றபடி, பாடம் ஞாபகம் இருக்கிறதா என்று சோதித்தாள்.

"லவ்!"

அவர் நேரே நடந்து வந்து அவளை ஒட்டி நின்றார். அதற்குப் பிறகுதான் அசையாமல் இருந்தார். அடுப்பில் இருந்தது கருகும்வரை இரண்டு பேருமே அசையவில்லை.