ஒரு கட்டு உடைமுள்ளும் புது டயரும்

தொண்ணூறுகளில் தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. காட்டுப் பாதையில் போய்வந்த எங்கள் சின்ன டிராக்டரின் டயர்களை, வழியெல்லாம் நின்ற உடைமரங்களின் முள், அந்த உடைமுள், சும்மா விடுவதில்லை. புது டயர் வாங்க ராஜபாளையம் கிளம்பும்போது, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்திருந்த என் கணவர், "கடைக்காரரு நல்லதாக் குடுப்பாரு" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. கடைக்காரரா வந்து தோப்பில் வண்டி ஓட்டப்போகிறார்? ஒரு கட்டு உடைமுள்ளை வெட்டிச் சாக்கில் சுற்றி, அவரோடு பஸ்ஸில் எடுத்துப் போனேன்.

கடை வாசலில் சாக்கை உதறினேன். கடைக்காரர் புகழ்ந்து தள்ளிய டயரின் பக்கவாட்டில் ஒரு முள்ளை வைத்துக் கல்லை ஓங்கியதும், "யக்கா, வேண்டாம்!" என்று பாய்ந்து வந்து மறித்தார். அடுத்ததற்கும் மறித்தார். மூலையில் கிடந்த தடித்த டயருக்கு மட்டும், "அதுல எம்புட்டு வேணும்னாலும் அடிங்க" என்றார். அடித்தேன். முள்தான் முறிந்தது. அந்த ரகத்தையே வாங்கினோம்.

டயர்களை வாடகை வேனில் ஏற்றும்போது கடைக்காரர் சாப்பிடப் போக வாசலில் நின்ற தன் ஸ்கூட்டரை நகர்த்தினார். நான் உதறியதில் சிதறிய முள் ஒன்று குத்தி, புஸ்ஸென்று காற்று இறங்கியது. என் கணவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். குனிந்து டயரைப் பார்த்த கடைக்காரரும் சிரித்தார்.

"யக்கா, ஸ்கூட்டருக்கு டயர் எடுக்கப் போறேன். மிச்ச முள்ளக் குடுத்துட்டுப் போங்க."