செவ்வாய்க் கட்டம்

மானிப்பாயில் ஒரு கலியாணத் தரகருக்கு நான் தரவுத்தளம் செய்துகொடுத்தபோது என் அக்காவுக்கு முப்பத்தாறு வயது. பல் வைத்தியர், நாக்கு மட்டும் கொஞ்சம் உறைப்பு. ஆனால் அவளது சாதகத்தில் எட்டாம் கட்டத்தில் செவ்வாய் குந்திக்கொண்டிருந்தது. அந்தக் கிரகம் எங்கள் வாசல் படலையில் திருப்பி அனுப்பிய மாப்பிள்ளைகளைச் சேர்த்தால் ஒரு கிரிக்கெட் அணி தேறும்.

தரகரின் அட்டவணையிலும் ‘செவ்வாய்க் குற்றம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பாதிப் பேர் அதை நிரப்புவதில்லை. தரகருக்கு அது பொறுக்கவில்லை.

“வெறுமையா விட்டால் எதையோ ஒளிக்கிறம் எண்டு சனம் நினைக்கும், தம்பி. ஆரும் ஒண்டும் போடாட்டில் ‘இல்லை’ எண்டு தானா விழுற மாதிரிச் செய்யும்.”

தெரியாது என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தேநீரை உறிஞ்சினார். எனக்கும் பஞ்சி; வாதாடச் சோம்பலாக இருந்தது. டீஃபோல்ட்டாக ‘இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

மறுவாரம் அம்மா அக்காவின் விவரத்தைத் தரகரிடம் கொடுத்தார். அந்தக் கட்டத்தை மட்டும் மறந்துபோனாராம். என் அம்மா எதையும் மறப்பவரல்ல.

பத்து நாளில் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு கணித ஆசிரியர் தன் தாயுடன் பொம்பிளை பார்க்க வந்தார். அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது; இரண்டாவது வடையைத் தானே எடுத்துக் கொடுத்தாள். சாதகம் சாத்திரியாரிடம் போனதும் குட்டு வெளிப்படும், பழி அவள் தலையில் விழும். அவளைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. பிறகு நேரே முன்னறைக்குப் போனாள்.

“எனக்குச் செவ்வாய் இருக்கு. தரகற்ரை கொம்பியூட்டரிலை பிழையா விழுந்திட்டுது.”

அம்மா சுவரைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் தாயைப் பார்த்தார். தாய் வடைத் தட்டைப் பார்த்தார்.

“எனக்கும் இருக்கு,” என்றார் மாப்பிள்ளை. “அம்மா அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டவ.”

செவ்வாய்க்குச் செவ்வாய். எந்தச் சாத்திரியாரும் தலையாட்டும் பொருத்தம். அக்கா சிரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“அந்த வரியை நாளைக்கே அழியடா.”

அழித்தேன். ஆனால் டீஃபோல்ட்டை எடுத்தாலும் ஏற்கனவே விழுந்த ‘இல்லை’கள் அப்படியே கிடக்கும். அவற்றில் எது உண்மை, எது நான் போட்டது என்று எனக்கே தெரியாது. இன்றுவரை அந்த அட்டவணையை நம்பி ஆறு பேருக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.