டிவி இன்ஸ்பெக்டரும் காணாமல் போன கேமராவும்

அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். கரப்பான்பூச்சியை அடிக்க மனைவியைத்தான் கூப்பிடுவார். மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் பை தூக்கி அலைந்தவர், யாரோ நண்பர் கைகாட்டிவிட, டிவி துப்பறியும் தொடர் ஒன்றில் சின்ன ஊர் இன்ஸ்பெக்டராக நுழைந்து, அதிலேயே தலை நரைத்துவிட்டார். அந்த இன்ஸ்பெக்டர் எதையும் விசாரிப்பதில்லை. கை ஓங்குவார், கன்னத்தில் ஒன்று விழும், எதிராளி கடகடவென்று உண்மையைக் கக்கிவிடுவான். கதை எழுதுகிறவருக்குத் துப்புத் துலக்கத் தெரியாது, விளம்பரங்களுக்கு நடுவே அதற்கு நேரமும் கிடையாது. இந்த வீரத்தின் ரகசியம் அவ்வளவுதான். அடியும் பொய். உள்ளங்கை கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளியே போகும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த இன்ஸ்பெக்டர் ஆளை அவருக்கு அறவே பிடிக்காது. ஒட்டுமீசையைப் பிய்த்ததும் சோப்பு நுரைக்க நுரைக்க முகத்தைக் கழுவுவார். ஆனால் வீட்டில் அடுப்பு எரிவதும் மகள் காலேஜுக்குப் போவதும் அந்த ஆளின் தயவில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சினன் வந்து நின்றான். மனைவியின் தம்பி. அதே குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கிறான், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். செயலாளரான நாளிலிருந்து வீட்டுக்குள்ளும் சட்டையை இன் பண்ணிக்கொண்டுதான் நடமாடுகிறான்.

"மாமா, கேட்டுக்கு மேல இருந்த கேமராவைக் காணோம். வாட்ச்மேன் வேலைதான். நீங்க சும்மா கீழ வந்து ஒரு பார்வை பாருங்க, போதும்."

"அவன் எடுத்ததை யாரு பார்த்தா?"

"பார்க்க வேண்டிய கேமராதானே மாமா காணோம்!"

"அப்போ போலீஸுக்கு போன் பண்ணு."

"போலீஸ் வந்தா விசாரிப்பாங்க. இழுத்துக்கிட்டே போகும்."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "போயிட்டுத்தான் வாங்களேன். தம்பி எவ்வளவு ஆசையா கூப்பிடறான்!" என்னவோ கல்யாணத்துக்கு அழைப்பது போல.

கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் குடியிருப்பே திரண்டிருந்தது. நடுவில் வாட்ச்மேன், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. வயசாளி. இந்த வேலை போனால் கேட்டை ஒட்டிய ஒற்றை அறையும் போய்விடும். புருஷனும் பெண்டாட்டியும் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வெயில் கண்ணைக் குத்தியது. அவர் மறைத்துக்கொள்ளக் கையை உயர்த்தினார்.

"ஐயா, நான்தான் எடுத்தேன்! அடிக்காதீங்க ஐயா!" என்று அலறினார் வாட்ச்மேன்.

கைதட்டல் எழுந்தது. இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்.

"எங்கங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"நீங்க எங்கன்னு சொல்றீங்களோ, அங்கதான் ஐயா."

"எடுக்காததை ஏன் எடுத்தேங்கறீங்க?"

"ஒரு வாரம்கூட விடாம சீரியலைப் பார்க்கறேனே ஐயா! அடி விழறதுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டவனை நீங்க மன்னிச்சு அனுப்பிடுவீங்க. அடம் பிடிச்சவனைத்தான் உள்ள தள்ளுவீங்க."

பாடத்தை வரி விடாமல் படித்திருந்தார் மனிதர்.

"கேட்டீங்களா? இவர் எடுக்கலை. பயத்துல உளர்றார்," என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சொந்தக் குரல், டாக்டர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து தேய்ந்த குரல். யார் காதிலும் ஏறவில்லை.

"அதான் அவனே ஒத்துக்கிட்டானே மாமா. உங்க வேலை முடிஞ்சுது," என்ற மச்சினன், அறைச் சாவியைக் கேட்டுக் கையை நீட்டினான். வாட்ச்மேன் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்க்கத் தொடங்கினார்.

வேறு வழி தெரியவில்லை. அருவருப்பை விழுங்கிக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து அந்த இன்ஸ்பெக்டரை வரவழைத்தார்.

"டேய்! ஒருத்தனும் நகரக் கூடாது! எடுத்தது இவன் இல்ல. எடுத்த ஆள் இந்தக் கூட்டத்துலயேதான் நிக்குது. யாருன்னு எனக்குத் தெரியும்!"

அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. வாரா வாரம் பேசிப் பேசி நாக்கில் ஒட்டிக்கிடந்த வசனம்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. மச்சினன் மனைவி.

"அண்ணா, நான்தாண்ணா! படம் மங்கலா தெரியுதுன்னு கடையில ரிப்பேருக்குக் கொடுத்தேன். இவர்கிட்ட சொல்லிட்டுத்தான் கொடுத்தேன்."

"என்கிட்டயா? எப்போடி சொன்னே?"

"அண்ணா வர்ற சீரியலைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே, அப்போ. 'ம்'னீங்க. அப்புறம் நீங்களே திருட்டுன்னு ஊரைக் கூட்டிட்டீங்க. நான் எப்படி வாயைத் திறக்கறது?"

மறுபடி கைதட்டல், இந்தத் தடவை விசிலும் சேர்ந்துகொண்டது. மச்சினன் நீட்டிய கையை மடக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

ஒப்புதல் வாக்குமூலத்தின் லட்சணத்தை இப்போதுதான் கண்ணால் கண்டிருந்ததால், அவர் இதையும் நம்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கே நடந்தார். வாட்ச்மேன் பூரித்துப்போய்ப் பின்னாலேயே வந்தார்.

"எப்படியும் நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு எனக்குத் தெரியும் ஐயா."

"உங்க வேலையே போயிருக்கும். அது தெரியுமா?"

"நீங்க இருக்கறப்போ எப்படி ஐயா போகும்?"

கடை மேசையில் கேமரா பிரித்துப் போட்டபடி கிடந்தது, குடியிருப்பின் பெயர் எழுதிய சீட்டோடு. நிம்மதியாக இருந்தது. என்ன பழுது என்று கேட்க வாயெடுத்தார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்தது.

"சார், அந்த செல்போன்... அது திருட்டு போன்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார்!"

அவர் கேமராவை அள்ளி வாட்ச்மேனிடம் கொடுத்தார். பிறகு வெளியே வந்து, தொண்டையில் ஒட்டிக்கிடந்த அந்த இன்ஸ்பெக்டரைச் சாக்கடை ஓரமாகக் காறித் துப்பினார்.