இடது கைக்கு அரை இஞ்ச்

ஆள் போட்டிருக்கும்போதே பிளவுஸின் கையைக் கத்தரியால் வெட்டியது என் முப்பத்தொரு வருடத் தொழிலில் ஒரே ஒரு தடவைதான். தையல்காரர் சங்கத்து ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். கல்யாண வீட்டு அவசரத்துக்கு ஒரே மூச்சில் ஆறு பிளவுஸ் தைத்த கதை என்னிடமும் உண்டு. அதை எல்லாரும் எழுதுவார்கள். மலரைப் படிக்கப் போவது புதிதாக மெஷினில் உட்காருகிற பிள்ளைகள் என்பதால் நான் தப்புச் செய்த கதையை எழுதுகிறேன். பெருமைக்கு எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

1. வெட்டிய கை

கேரளத்தில், திருவனந்தபுரம் போகிற வழியில் உதியன்குளங்கரை ஜங்ஷனில் மருந்துக் கடைக்கு மேலே மாடியில்தான் என் லேடீஸ் டெய்லரிங் கடை இருந்தது. ஒரு நாள் மதியம், நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த நேரத்தில் ரோஸ்லி படி ஏறி வந்தாள். பக்கத்தில் கொல்லயில் என்ற ஊர்க்காரி. நெய்யாற்றின்கரையில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவள். அந்த நேரத்தில் அவள் வேலையில் இருக்க வேண்டும். இடது கையை வலது கையால் தாங்கி, யூனிபாரம் சேலையின் முந்தானையால் மூடியிருந்தாள்.

"அக்கா, இத கழத்த முடியல்ல. பஸ்ஸுல இப்படியே வாறேன்" என்றாள்.

முந்தானையை விலக்கினேன். முழங்கைக்கு மேலே பிளவுஸின் விளிம்பு சதைக்குள் புதைந்திருந்தது. அதற்குக் கீழே கை சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. விரல்கள் மடங்கவில்லை. அவளுக்கு நடுக்கம் வேறு. ஊக்குகளைக் கழற்றியும் கையை உருவ முடியவில்லை. விளிம்புக்கு அடியில் கத்தரியின் முனையை நுழைக்கவே இடம் இல்லை. மெல்ல மெல்லத் தோள் வரைக்கும் வெட்டினேன். துணி விலகியதும் சதையில் என் தையல் பள்ளமாக விழுந்திருந்தது.

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த மெரூன் துணியில் வெட்டு மிச்சம் பெட்டியில் இருக்கிறதா, புதுக் கை ஒன்று வைக்கக் காணுமா என்றுதான். அவளும் அதையேதான் கேட்டாள்.

"நாளைக்கு சோலிக்குப் போணும். ஒரு கை மட்டும் வேற வச்சுத் தருவியளா?"

ஒரு கையைக் குறித்து இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் துணியைப் பற்றித்தான் கவலை. கீழே மருந்துக் கடைக்காரர் கையைப் பார்த்துவிட்டு, உடனே ஆட்டோவில் ஏற்று என்று சத்தம் போட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

2. அளவு எடுக்கும் முறை

நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கழுத்து, மார்பு, இடுப்பு, பிறகு கை இறக்கம், கைச்சுற்று. கைக்கு மட்டும் வலது பக்கத்தை அளப்போம். துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டு கையும் எடுப்போம். இரண்டு கையையும் அளப்பவளை, தொழில் தெரியாதவள் என்று நாமே சிரிப்போம். நானும் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

ரோஸ்லிக்கு இடது மார்பில் புற்றுநோய் வந்து, திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ரேடியேஷனும் முடிந்து ஆறேழு மாதம் கழித்து என் கடைக்கு வந்தாள். கணவர் சவூதியில். வீட்டில் மாமியார் மட்டும். திரையை இழுத்துவிட்டு, என்னிடம் மட்டும் காட்டினாள். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த பட்டை வேண்டும், சேலை கட்டினால் வித்தியாசம் தெரியக்கூடாது, வேலைக்குத் திரும்பப் போக வேண்டும் என்றாள். மூன்று தடவை போட்டுப் பார்த்து, நான்காவது தடவை சரியாக அமைந்தது. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று பார்த்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து எனக்குக் கிடைத்த திருப்திக்கு ஈடு இல்லை. அதோடு அவளுக்கு நான்தான் டெய்லர் என்று ஆகிவிட்டது.

துணிக்கடையில் வருடத்துக்கு மூன்று யூனிபாரம் கொடுப்பார்கள். துணி அளந்துதான் வரும். கூடுதல் கிடைக்காது. முதல் வருடம் தைத்துக் கொடுத்து இரண்டு மாதத்தில், இடது கை கொஞ்சம் பிடிக்கிறது என்று கொண்டுவந்தாள். உள்ளே மடித்து விட்டிருந்த துணியில் அரை இஞ்ச் பிரித்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை. ஓணத்துக்கு முன்னால் மறுபடியும் வந்தாள். இன்னொரு அரை இஞ்ச். அளவு நோட்டில் அவள் பெயருக்கு நேரே "இ. கை லூஸ்" என்று எழுதிக்கொண்டேன். இரண்டாவது வருட யூனிபாரத்துக்கு, துணி வெட்டும்போதே இடது கையில் கூடுதலாக விட்டேன். மூன்றாவது தடவை வந்தபோது, கூடுதலாக விட்டிருந்த துணியும் முடிந்துவிட்டது. அக்குளில் ஒட்டுத் துண்டு கொடுத்து, கோடு வெளியே தெரியாமல் தைத்தேன். எந்தக் கையில் ஒட்டு இருக்கிறது என்று அவள் கூட வேலை செய்கிறவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லையாம். அதைக் கேட்டு நான் உச்சி குளிர்ந்து போனேன்.

ஒட்டுப் போட்ட அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். இப்போதும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

"அக்கா, கையில கொஞ்சம் நீரு உண்டு. வேதனை ஒண்ணும் இல்ல, கனமாக்கும். மோதிரமும் ஏறல்ல. ஆசுபத்திரியில காட்டணுமா?"

நம் பக்கத்தில் எல்லா வீக்கத்துக்கும் ஒரே பெயர்தான், நீரு. கால் சுளுக்கினால் நீரு. பஸ்ஸில் நின்று வந்தால் நீரு. பிரசவித்தவளுக்கு நீரு. பெயர் பழகிப் போனதால் யாருக்கும் பயம் வருவதில்லை. அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. பழைய நோய் திரும்பிவிட்டதோ என்ற பயம். ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் என்னிடம் கேட்டாள். நான் சொன்னேன்.

"நாள் முழுக்க நின்னு சேல தூக்கிப் போடுதுல்லா மக்கா, அதாக்கும். உப்பக் கொறச்சிப் பாரு. சும்மா ஆசுபத்திரிக்கு ஓடண்டாம். நான் லூஸ் பண்ணித் தாறேன்."

இதைச் சொல்ல நான் யார்? மெஷினில் உட்கார்ந்தபடி, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு சொன்னேன். என் பேச்சைக் கேட்டு அவள் லேசாகச் சிரித்தாள். நல்லது செய்துவிட்டதாக நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவை பக்கத்து கிளினிக்கில் காட்டினாளாம். அங்கே மூத்திரம் போக மாத்திரை கொடுத்தார்கள். மார்பில் ஆபரேஷன் செய்ததைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் அமைத்துக் கொடுத்த பஞ்சுப் பட்டை அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது.

3. அதே டேப்

கத்தரியால் வெட்டிய அன்று அவளை அட்மிட் செய்தார்கள். கையில் கிருமி ஏறி, காய்ச்சல் நூற்று மூன்றுக்குப் போயிருந்தது. சேலைப் பெட்டியின் தகரம் கீறிய ஒரு சின்னக் காயம்தான் காரணம். வேறு கையாக இருந்திருந்தால் மஞ்சள் வைத்தே ஆறியிருக்கும். ஒரு வாரம் ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கியதும், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னார்கள். கணவர் ஊரில் இல்லாததால் நான் கூடப் போனேன்.

அங்கே பிசியோதெரப்பியில் ஒரு சின்னப் பெண். ரோஸ்லியின் இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டி வைத்து, மணிக்கட்டிலிருந்து மேலே வரைக்கும் பேனாவால் புள்ளி வைத்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றி அளந்தாள். வலது, இடது, வலது, இடது என்று. ஒரு பக்கம் சென்டிமீட்டரும் மறு பக்கம் இஞ்சும் உள்ள மஞ்சள் டேப். என் கழுத்தில் முப்பத்தொரு வருடம் தொங்கிய அதே டேப். ஸ்கேன் எப்போது எடுப்பீர்கள் என்று நான் கேட்டேன். இந்த நோயைப் பெரும்பாலும் இப்படி அளந்துதான் கண்டுபிடிக்கிறோம் சேச்சி, முக்கால் இஞ்ச் வித்தியாசம் தெரிந்தாலே காட்ட வேண்டும் என்றாள்.

லிம்பெடிமா, தமிழில் நிணநீர் வீக்கம். மார்பை எடுக்கும்போது அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கிறார்கள். ரேடியேஷனும் அந்த இடத்தில் படுகிறது. அந்தக் கையில் ஊறுகிற நீருக்கு வடிய வழி குறைந்துவிடுகிறது. நீர் தேங்கிய கையில் சின்னக் காயம் பட்டாலும் கிருமி சட்டென்று ஏறும். எல்லாருக்கும் வருவதில்லை. சிலருக்கு மாதங்கள் கழித்து வரும், சிலருக்கு வருடங்கள் கழித்தும் வரும். தொடக்கத்திலேயே பிடித்தால் கட்டுப் போட்டு, பயிற்சி கொடுத்து அடக்கி வைக்கலாம். விட்டால் சதை இறுகிப் போகும். பிறகு முழுக்கப் பழைய நிலைக்கு வராது. அந்தப் பெண் ஆஸ்பத்திரி வார்த்தைகளில் சொன்னதை நான் ரோஸ்லிக்கு மெதுவாக நம் பேச்சில் சொன்னேன்.

"ஈ நீரு எப்போழா துடங்கியது?" என்று அந்தப் பெண் கேட்டாள். மூன்று நாலு மாதம் இருக்கும் என்றாள் ரோஸ்லி. பொய் சொல்லவில்லை, அவளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆனால் தேதி எனக்குத் தெரியும். ஒன்றரை வருடம் ஆயிற்று என்று சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் திரும்பினாள். நான்தான் தையலைப் பிரித்துக் கொடுத்தேன் என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் செய்தபோது ஒரு பேப்பர் கொடுத்திருப்போமே என்றாள். ரோஸ்லியின் பைலில், எக்ஸ்ரேக்களுக்குப் பின்னால் அது மடிப்புக் குலையாமல் இருந்தது, முழுக்க மலையாளத்தில். ரோஸ்லி எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்தவள். மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவாள், ஆனால் படித்ததெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பதை அங்கே யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். அவ்வளவு நன்றாகப் பேசுகிறவளிடம் வாசிக்கத் தெரியுமா என்று யார் கேட்பார்கள்? நான் வாசித்தேன். கை கனத்தால், மோதிரமோ வளையலோ இறுகினால், ஒரு பக்கத்துச் சட்டைக் கை மட்டும் பிடித்தால் உடனே வரவும் என்று இருந்தது. சட்டைக் கை என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது.

4. பிறகு

மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள். பிறகு அவள் கைக்கு அளவெடுத்து ஒரு இறுக்கமான உறை கொடுத்தார்கள். அதைப் பார்த்து நமக்குத் தைக்கத் தெரியாதா என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது மணிக்கட்டில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இறுக்குகிற துணி. நம் பிளவுஸ் ஒரே இடத்தில் கயிறு கட்டினது போலப் பிடிக்கும், அது கெடுதல். ரோஸ்லிக்குக் கை பாதி வற்றியது. மீதி வற்றவில்லை. முழங்கைக்கு மேலே கெட்டிப்பட்ட இடம் அப்படியே இருக்கிறது. சேலைக் கட்டுகளைத் தூக்கி உதறிப் போட முடியாமல் ஒன்பது வருடம் நின்ற வேலையை விட்டாள். அந்த வேலைக்குத் திரும்பத்தான் அவள் என்னிடம் முதலில் வந்தது.

அவள் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று ஒரு நாள் சொன்னேன். உறை போட்ட கையை மடியில் வைத்து, மறு கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை.

"நீங்க வேணும்னே செய்யல்ல. உங்களுக்க தையலு கொஞ்சம் மோசமா இருந்திருந்தா நான் அப்பமே ஆசுபத்திரிக்குப் போயிருப்பேன் அக்கா."

அதற்குப் பிறகு கடையை மூடும் வரைக்கும் எல்லாருக்கும் இரண்டு கையையும் அளந்தேன். சிரித்தார்கள், சிரிக்கட்டும். கை ஒன்று பெரிதாக இருந்தால் திரைக்கு உள்ளே கூப்பிட்டு, மார்பில் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். ஆம் என்றால், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வாருங்கள், அதுவரைக்கும் தையலைப் பிரிக்க மாட்டேன் என்றேன். அளவைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கையில் கொடுத்தேன். மூன்று பேர் போய்க் காட்டினார்கள்.

நான்காவதாக ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஒரு பெண் வந்தார். இடது கை முக்கால் இஞ்ச் கூடுதல். மார்பில் ஆபரேஷன் நடந்தது உண்டு என்றார். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. தைக்கிறவளிடம் தைக்கத்தான் வந்தேன் என்று சொல்லி, பிளவுஸைப் பிடுங்கிக்கொண்டு படி இறங்கினார். சீட்டையும் வாங்கவில்லை. பெயர்கூட நான் கேட்டு வைக்கவில்லை. எதிர்ச் சாரியில் உள்ள வேறொரு கடையில் பத்து நிமிடத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவருடைய கை இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பிரித்துக் கொடுத்தவர் நம் சங்கத்தில்தான் இருக்கிறார். இந்த மலர் அவர் கைக்கும் வரும். அந்தப் பெண் மறுபடியும் அரை இஞ்ச் கேட்டு வருவார். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.