காமாலைப் பத்தியம்

பள்ளிக்கூடம் விட்டு மணி அடித்த பிறகும் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். காலி பெஞ்சுகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொண்டிருந்த என்னைத் தலைமையாசிரியை கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார். அதற்கு முன் பல நாட்களாக நான் தூங்கவில்லை. அடுத்த மாதமோ பாயை விட்டு எழவே முடியவில்லை. உங்களுக்கோ உங்கள் வீட்டிலோ இப்படி நேர்ந்திருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அப்போது எழுபதுகள் முடிந்துகொண்டிருந்தன. ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து தென்னூரில் இருந்த மனநல டாக்டரிடம் அப்பா என்னை அழைத்துப்போனார். பஸ்ஸில் தெரிந்த முகம் தென்பட்டால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். இருதுருவ நோய் (மனம் கட்டுமீறிப் பொங்குவதும் பிறகு அடியோடு சரிவதும் மாறி மாறி வருவது) என்றார் டாக்டர். லித்தியம் (மனநிலையைச் சமன்படுத்தும் மருந்து) எழுதிக் கொடுத்தார்.

"சாப்பாட்டுல உப்பை மட்டும் குறைச்சிராதீங்க. குறைஞ்சா இந்த மருந்து உடம்புலயே தங்கி விஷமாயிரும்" என்றார். அப்பா பலமாகத் தலையாட்டினார்.

தங்கை வசந்தாவுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பைத்தியம் என்று வெளியே தெரிந்தால் எல்லாம் போச்சு என்பது அம்மாவின் கணக்கு. எனக்கு மஞ்சள் காமாலை என்று தெருவில் சொல்லிவிட்டாள். காமாலை கௌரவமான நோய். யாருக்கும் வரலாம், வந்ததைச் சொல்லலாம்.

தெரு உருகிப்போனது. ஆளுக்கொரு பிடி கீழாநெல்லி வந்தது. பக்கத்து வீட்டு சரோஜாக்கா தினமும் கொண்டுவந்தார். வசந்தாவுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் தூரத்து உறவு. சாப்பாட்டு நேரத்தில் வந்து என் தட்டையும் எட்டிப் பார்ப்பார். காமாலைக்காரிக்கு உப்பும் எண்ணெயும் ஆகாது என்பதால், அம்மா எனக்கென்று உப்பில்லாமல் சமைக்க ஆரம்பித்தாள்.

"டாக்டர் உப்பு போடணும்னு சொன்னாரேம்மா."

"நிச்சயதார்த்தம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோடி. சரோஜா கண்ணுல பட்டா மானம் போயிரும்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். முதலில் கை நடுங்கியது. பிறகு ஓயாத வாந்தி. நடந்தால் கால் பின்னியது, நாக்கு குழறியது. பைத்தியம் முற்றிவிட்டது என்று அம்மா சமயபுரத்தாளுக்குக் காசு முடிந்துவைத்தாள். நான் கூடத்தில் விழுந்து நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

"சாப்பாட்டுல உப்பு போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். வீட்டில் கிடைக்காத உப்பை ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றினார்கள்.

நினைவு தெளிந்த பின் ஒரு பகலில் சரோஜாக்கா வந்தார். கையில் அதே கீழாநெல்லி. எனக்கு அலுத்துவிட்டது.

"எனக்குக் காமாலை இல்லக்கா. மனசுக்குத்தான் சீக்கு. அதுக்கு மருந்து சாப்பிடுறேன்" என்றேன். அப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கீழாநெல்லியைக் கட்டிலோரம் வைத்தார். "தெரியும்டி. காமாலைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கணும். உனக்குப் பளிச்சுன்னுல்ல இருந்துச்சு. தெரு பூராவுக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். வசந்தாவைப் பிடிச்சுப்போச்சு, அதான் பேசாம இருக்காங்க."

"அப்ப ஏங்க்கா தினமும் இதைக் கொண்டு வந்தீங்க?"

"உங்கம்மா காமாலைன்னு சொல்லுறப்ப வெறுங்கையோட எப்படி வர்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே ஆத்திரமும். ஊருக்கே தெரிந்ததை ஊரிடமிருந்து மறைக்க என்னைச் சாவு வரை கொண்டுபோயிருக்கிறார்கள். ஏமாந்தது என் உடம்பு மட்டும்தான். அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வெட்கம் உங்களைக் காப்பாற்றும் என்று மட்டும் நம்பாதீர்கள். டாக்டர் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள்.

கை நடுக்கம் முழுதாகப் போகவில்லை. சாக்பீஸ் பிடித்தால் எழுத்து கோணுகிறது. மாத்திரையை நிறுத்தவில்லை. முன்பெல்லாம் அடுத்த வருஷத்தைப் பற்றித்தான் நினைப்பேன். இப்போது அடுத்த வேளைச் சாப்பாடு வரைக்கும்தான் நினைப்பு ஓடுகிறது, அது போதுமாகவும் இருக்கிறது.

வசந்தா கல்யாணத்தில் அம்மா காதோடு சொன்னாள்: "கை நடுங்குது. கடைசிப் பந்தியில உக்காந்துக்கயேன்."

நான் முதல் பந்தியில், மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். இலை ஓரத்தில் உப்பு வைத்துக்கொண்டு வந்தவர் எனக்கும் துளி வைத்துவிட்டுத் தாண்டப் போனார்.

"இன்னுங் கொஞ்சம் வைங்க" என்றேன், அம்மாவுக்கும் கேட்கும்படி.