மணலுக்குள் ஆறு நத்தைகள்

ஞாயிற்றுக்கிழமை ஆறு இருந்தன. திங்கட்கிழமை காலை ஐந்து.

கம்பெனி பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. இன்னொரு சிட்டிகை தீனியைத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடியும் எண்ணினேன். ஐந்துதான். எதிர்க் கட்டிலில் ரூம்மேட் அண்ணன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கினார். அவ்வளவு வெளிச்சத்தில் அவ்வளவு நிம்மதியாக ஒருவர் தூங்குவதே எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்திருந்தேன். மூக்கண்டப்பள்ளியில் மாடி ரூம். நானும் அந்த அண்ணனும் மட்டும். அவருக்கு ராஜபாளையம் பக்கம். வேறொரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். வாரத்துக்கொரு ஷிஃப்ட் மாறும். ஞாயிறு மட்டும் இரண்டு பேருக்கும் லீவு.

கடல்மீன் பைத்தியம் எனக்குப் பிரவுசிங் சென்டரில் பிடித்தது. நான் தேன்கனிக்கோட்டைக்காரன். கடலை ஒரே ஒரு தடவை, ஸ்கூல் டூரில், பார்த்ததோடு சரி. அந்தக் கடலை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெங்களூரில் இரண்டடித் தொட்டி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கேன் தண்ணீரில் கடலுப்பு கலந்தேன். இரண்டு அங்குலத்துக்கு மணல், நடுவில் தேங்காய் அளவு ஒரு கடல்கல், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், ஆறு மணல் நத்தைகள்.

மீனைவிட நத்தைகள்தான் என்னை மயக்கின. ஒவ்வொன்றும் நிலக்கடலைப் பருப்பு அளவு. நாள் முழுக்க மணலுக்குள் புதைந்து கிடக்கும். மூச்சு விட ஒரு மெல்லிய குழாயை மட்டும் வெளியே நீட்டும். எங்கள் ஊரில் மூங்கில் புதருக்குள் யானை நிற்பது இப்படித்தான் தெரியவரும், தும்பிக்கை முதலில். தீனி விழுந்த வாசனை பட்டதும் மணல் அங்கங்கே வெடிக்கும், ஒவ்வொன்றாக ஏறி வரும். அவற்றை எண்ணுவதற்கு வேறு வழி கிடையாது.

சிக்கல் வாசனையில் ஆரம்பித்தது. வீட்டுக்கார அம்மா கீழே குடியிருந்தார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பால்காரரிடம் கன்னடம். சுத்த சைவம். முட்டைகூட மாடி ஏறக்கூடாது என்று சொல்லித்தான் ரூமை விட்டார். ஒருநாள் துணி காயப்போட மேலே வந்தவர், எங்கள் வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினார். முட்டை சமைக்கிறீர்களா என்று கேட்டார். நான் தொட்டியைக் காட்டி, மணலுக்கு அடியில் அழுக்கு தங்கிவிட்டால் அப்படி ஒரு வாயு வரும், அது அழுகின முட்டை மாதிரிதான் இருக்கும் என்று விளக்கினேன். நெட்டில் படித்த பாடம், தெளிவாகவே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தாரே தவிரத் தொட்டியைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மணலைச் சுத்தம் செய்தேன். கல்லைத் தூக்கி வெளியே வைப்பேன். ரப்பர் குழாயின் நுனியில் வெட்டின தண்ணீர் பாட்டிலைச் சொருகி, வாயால் உறிஞ்சி விட்டால், பாட்டிலுக்குள் மணல் சுழன்று எழும்; அழுக்கு மட்டும் குழாய் வழியே பக்கெட்டுக்குப் போகும். பக்கெட் தண்ணீரை டீ வடிகட்டியில் வடித்துப் பார்க்காமல் கொட்டியதே இல்லை, நத்தை ஏதாவது போய்விடக் கூடாதே என்று. பிறகு மணலை ஸ்டீல் ஸ்கேலால் ஒரே மட்டமாக இழுத்துவிட்டு, கல்லைத் திரும்ப நடுவில் வைப்பேன். கல் கோணலாக நின்றால் எனக்குத் தூக்கம் வராது. கம்பெனியிலிருந்து எடுத்து வந்த மட்டம் பார்க்கும் பழைய ஸ்பிரிட் லெவலைக் கல்லின் தட்டையான தலையில் வைத்து, அதற்குள் மிதக்கும் குமிழி நடுவுக்கு வரும்வரை கல்லை இரண்டு கையாலும் இப்படியும் அப்படியும் அழுத்துவேன். அன்றைய வேலையில் அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

அடுத்த திங்கட்கிழமை காலை நான்கு.

இரண்டு வாரத்தில் இரண்டு. இரண்டுமே திங்கட்கிழமை. நான் தரம் பார்க்கிறவன்; ஒரு குறை ஒரே கிழமையில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் கிழமையில் யார் மிஷினில் நின்றார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம். செக் ஷீட் ஒன்று போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஞாயிறு காலை நான் தொட்டியைச் சுத்தம் செய்கிறேன். மத்தியானம் இரண்டு மணி நேரம் பிரவுசிங் சென்டருக்குப் போகிறேன். அந்த இரண்டு மணி நேரம் ரூமில் அண்ணன் தனியாக இருக்கிறார்.

கடைக்காரன் ஐந்தைக் கொடுத்து ஆறென்று சொன்னானோ? இல்லை, நானே எண்ணினேன். மீன் தின்றதோ? அதன் வாய்க்கு அடங்காது. வீட்டுக்கார அம்மாவிடம் இன்னொரு சாவி இருந்தது. ஆனால் தொட்டிக்கு ஓரடி தூரத்திலேயே புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர் கையை விடுவாரா? சுற்றிச் சுற்றி அண்ணனிடமே வந்து நின்றேன். நத்தைகளை வாங்கி வந்த அன்றே அவர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அவர்கள் பக்கம் வயல் நத்தையை மிளகு போட்டு வறுப்பார்களாம், மூலத்துக்கு அவ்வளவு நல்லதாம். சொல்லிவிட்டுத் தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அந்தப் பார்வை வேறு மாதிரி தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு அவர் கை கழுவும் நேரத்தைக்கூடக் கவனிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் வீட்டுக்கார அம்மா கெடு வைத்தார். ஞாயிறு ஐந்து மணிக்கு மேலே வருவாராம். அப்போதும் வாசனை இருந்தால் தொட்டியைக் காலி பண்ண வேண்டும், இல்லையென்றால் ரூமை. வேறு ரூம் தேடலாம். ஆனால் ஒருநாள் வெறும் பக்கெட்டில் கிடந்தால் அந்த நான்கும் செத்துப்போகும். எனக்கு அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு நான் காலையில் சுத்தம் செய்யவில்லை. கம்பெனியில் இரண்டு பரப்பு சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு நீல மை தடவுவோம்; பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. அதில் கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தேன். தொட்டி மூடியின் கைப்பிடிக் குமிழுக்கு அடிப்பக்கம் அதை மெல்லியதாகப் பூசினேன். சாயந்திரம்தான் கழுவப் போகிறேன், இப்போது பிரவுசிங் போய்விட்டு வருகிறேன் என்று தேவைக்கு அதிகமாகவே சத்தமாகச் சொல்லிவிட்டு மூன்றரை மணிக்குக் கிளம்பினேன். டீக்கடை முக்கில் ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் நீலம்.

"கையக் காட்டுங்கண்ணா."

"எதுக்குடா?"

"காட்டுங்க."

கையை விரித்துப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீலம். லுங்கியில் துடைத்தார், லுங்கியும் நீலமாயிற்று.

"ரெண்டு நத்தைய என்னண்ணா பண்ணீங்க?"

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சிரிப்பு.

"அடேய், சுண்டுவிரல் நகமாட்டம் இருக்கு. தின்னா அது பல்லு சந்துலதான்டா நிக்கும்."

"அப்ப மூடிய எதுக்குத் தொறந்தீங்க?"

சிரிப்பு நின்றது. எழுந்து போய் மாடிப்படியை எட்டிப் பார்த்தார், கதவைச் சாத்தினார், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அவித்த முட்டையின் மஞ்சள் கரு, பாதி.

"கத்தாத. நேத்து கேன்டீன்ல குடுத்தது. இன்னைக்கு இன்னும் போடல, மூடியத் தொறந்ததும் கீழ சத்தம் கேட்டு மூடிட்டேன். எனக்கு மஞ்சக்கரு ஆகாது. மீனு பாவமாப் பாக்குது. நீ போடுறது மூக்குப்பொடி கணக்கா இருக்கு, அது எதுக்குப் பத்தும்?"

எத்தனை நாளாக என்று கேட்டேன். மீன் வந்த வாரத்திலிருந்தே, வாரா வாரம் என்றார். வீட்டுக்கார அம்மா கேட்டது முட்டை. நான் வாயு என்று பாடம் எடுத்தேன். அந்த அம்மாவின் மூக்குதான் சரி. மணல் ஏன் அவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்பதும் விளங்கியது. திட்ட வாயெடுத்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"நானே ஒன்னயக் கேக்கணும்னு இருந்தேன். கருவப் போட்டா இந்த மூலைக்கு எல்லாம் வந்துரும். மொதல்ல ஆறு வந்துச்சு, அப்புறம் அஞ்சு, இப்ப நாலு. நீதான் உறிஞ்சி வெளிய விட்டுட்டியோன்னு சாக்கடை வரைக்கும் போய்ப் பாத்தேன்."

மூன்று வாரமாக நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கெட்டை நான் வடிகட்டாமல் கொட்டியதில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தொட்டியைப் பார்த்தார்.

"அப்ப கல்லுதான்."

"கல்லுக்கு என்னண்ணா?"

"அத வச்சு நீ அமுக்குற அமுக்கு இருக்கே."

குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்று அழுத்தியபோது அடியில் மொறுக்கென்று ஏதோ கை வழியாகத் தெரிந்திருக்கிறது. மணல் படிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே கையைத் தொட்டிக்குள் விட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மிச்ச நாலும் எங்கே கிடக்கிறதென்று தெரியாமல் கல்லைப் புரட்டினால் அதுவும் போகும் என்றார். முதலில் கூப்பிடு, எல்லாம் இந்த மூலைக்கு வரட்டும், அப்புறம் அந்தப் பக்கத்தைக் கழுவு என்றார். கொஞ்ச நேரம் முன்னால் நான் திருடன் என்று நினைத்த மனிதர், எத்தனையோ பக்கம் படித்த எனக்குத் தோன்றாத வழியைச் சொன்னார். அதிலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எதையாவது ஒளிக்க நேரம் கடத்துகிறாரோ என்று.

மஞ்சள் கருவை ஒரு மிளகளவு கிள்ளி, அவர் கட்டில் பக்கத்து மூலையில் போட்டார். நான் பக்கெட்டையும் குழாயையும் தயாராக வைத்தேன். மணல் ஒரு இடத்தில் வெடித்தது. ஒன்று. கண்ணாடியோரத்தில் இரண்டு. தண்ணீரைச் சுழற்றும் மோட்டாருக்குப் பின்னாலிருந்து மூன்று. மூன்றும் தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு மூலைக்குப் போயின. நான்காவது வரவில்லை. மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

"தூக்கிடறேண்ணா. நாலாவது போயிருக்கும்."

"பொறுடா. நேத்து நீ தீனி போட்டப்ப நாலும் வந்துச்சு. நான் பாத்தேன்."

படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமலே வீட்டுக்கார அம்மா திறந்தார். தலைப்பு மூக்கில் இருந்தது. அண்ணன் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதன்மேலேயே உட்கார்ந்தார். தொட்டியில் கிடந்த மஞ்சளை எடுத்துவிடத்தான் என் கை துடித்தது. எடுத்தால் வாசனை போய்விடும். நான்காவது எழுந்து வராது. எடுக்கவில்லை.

"ஏமிப்பா, இன்னும் கழுவலியா? அது என்ன மஞ்சளா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மூன்று வாரமாக நான் எதிர்க் கட்டிலைப் பார்த்தது அப்படித்தான்.

"முட்டைங்கம்மா. நீங்க சொன்னதுதான் சரி. ஒண்ணே ஒண்ணு வெளிய வரணும். வந்ததும் எல்லாத்தயும் கழுவிடறேன். இனிமே இந்த ரூமுக்கு முட்டை வராது."

அவர் வாசலை விட்டு நகரவில்லை. சொன்னதை நான் செய்கிறேனா என்று நின்று பார்க்கப் போகிறார் என்று புரிந்தது. மூன்று பேரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சும்மா இருப்பது எனக்கு வராது. தொடையில் விரலால் தாளம் போட்டேன், அண்ணன் அந்தக் கையை அமுக்கிப் பிடித்தார்.

கல்லின் ஓரத்தில், அதைத் தூக்கினால் என் விரல் பதியும் அதே இடத்தில், மணல் லேசாக உப்பியது. முதலில் குழாய், பிறகு ஓடு. ஓட்டின் உதடு ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருந்தது. மெதுவாக, சாய்ந்து சாய்ந்து, மற்ற மூன்றும் இருந்த மூலையை நோக்கிப் போனது.

"போ போ போ," என்றார் அண்ணன்.

அது மூலைக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்து, பிறகுதான் கல்லைத் தூக்கினேன். அடியில், மணலில் பதிந்த பள்ளத்தை முதல் தடவையாக விரலால் கிளறினேன்; நொறுங்கின ஓடுகள் இரண்டு அகப்பட்டன. அவற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தபோது அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கார அம்மா தலைப்பை மூக்கிலிருந்து எடுக்காமலே, எப்படிச் செத்தது என்று கேட்டார்.

"நான்தாங்கம்மா," என்றேன். குழாயை வாயில் வைத்து, நத்தைகள் இல்லாத வலது பக்கத்திலிருந்து உறிஞ்ச ஆரம்பித்தேன்.